ஆறு உளிகளும் ஒரு கையும்

"கடத்திட்டாங்க மேடம். இதைப் பாருங்க, மிரட்டல் வேற!"

துணிப்பையை எங்கள் மேஜைமேல் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான் ஜெர்சன். முப்பத்தொரு வயது, நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நான்கு நாள் தாடி. வலது காலில் கறுப்புச் செருப்பு, இடது காலில் பழுப்புச் செருப்பு. வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன். ஜோடி மாறியதுகூடத் தெரியாமல் படியேறி வந்திருக்கிறவனைக் கிண்டல் செய்ய எனக்குக்கூட மனசு வரவில்லை.

நான் ஈவ்லின். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். அதன் மொத்த ஊழியர் படையும் நான் ஒருத்திதான். முதலாளி சந்திரிகா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். செத்துப்போனதாகப் பணம் கேட்ட ஆளைப் பல்லாவரம் சந்தையில் பேரம் பேசும்போது பிடித்திருக்கிறார். தனியாக இருந்தால் எனக்கு அக்கா, வெளியாள் முன்னால் மேடம்.

"தண்ணி குடிங்க. குடிச்சிட்டு முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் சந்திரிகா.

தண்ணீர் பாதி சட்டையில் போனது.

"எங்க அப்பா ஏசுதாசன். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். ரெண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். போன வியாழக்கிழமை காலையில டயாலிசிஸுக்குப் போறேன்னு ஆட்டோ ஏறினார். அவ்வளவுதான். அன்னிக்கும் அவர் வரலை, சனிக்கிழமையும் வரலைன்னு கிளினிக்ல சொல்றாங்க. போனை வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டார். போலீஸ்ல சொந்தக்காரங்க வீட்டுல தேடுங்கன்னு அனுப்பிட்டாங்க. தேடாத வீடே இல்லை மேடம்."

"கடைசியா டயாலிசிஸ் பண்ணது?"

"போன செவ்வாய். இன்னிக்கு திங்கள். ஆறு நாள்." அவன் விரலை மடக்கிக் காட்டினான், ஏதோ எங்களுக்கு எண்ணத் தெரியாது என்பதுபோல. "அதைவிடப் பெரிய விஷயம், இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கமிட்டி. நான்தான் அப்பாவுக்குக் கிட்னி தரேன். ரெண்டு பேரும் நேர்ல போய் உட்கார்ந்தாத்தான் ஆபரேஷனுக்கு அனுமதி. இன்னிக்குப் போகலேன்னா அடுத்தது எப்போன்னு தெரியாது. அவ்வளவு நாள் அவரோட இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

சந்திரிகா பையைத் திறந்தார். உள்ளே பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்த ஒரு துணிச்சுருள். விரித்தால் ஆறு சின்ன உளிகள். பென்சில் தடிமனில் ஒன்று, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கடைசி உளி சுண்டுவிரல் அகலம். ஏசுதாசன் மரத்தில் எழுத்துச் செதுக்குவாராம். ரிட்டையர் ஆனபிறகு பிடித்த பழக்கம். செம்பாக்கம் வரைக்கும் சபைக்காரர் வீடுகளில் தொங்கும் பெயர்ப்பலகைகளில் பாதி அவர் கைவேலை.

"போகும்போது இதையும் எடுத்துட்டுப் போயிருந்தார். இன்னிக்குக் காலையில எங்க கேட்டுல மாட்டியிருந்துச்சு. சீட்டு இல்லை, எதுவும் இல்லை. ஆறும் தீட்டியிருக்கு மேடம். தீட்டின உளியை அனுப்பறாங்கன்னா என்ன அர்த்தம்?"

"மிரட்டறவன் ஒண்ணைத் தீட்டி அனுப்பினாப் போதாதா? ஆறையும் உட்கார்ந்து தீட்டறவன் ரொம்பப் பொறுப்பான ரவுடியா இருக்கணும்," என்றேன்.

சந்திரிகா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒவ்வொரு உளியின் முனையிலும் தொப்பிபோல ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தது. தடித்த, கண்ணாடி மாதிரி தெரியும் குழாய். நல்ல யோசனைதான், கூரும் போகாது, கையும் வெட்டாது. சந்திரிகா ஒன்றை உருவி மேஜையோரம் வைத்துவிட்டு, உளியை எங்கள் மின்சார பில்லின் ஓரத்தில் இழுத்தார். காகிதம் சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. பில் கட்டியாகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

"உங்க அப்பா எப்படித் தீட்டுவார்?"

"அதுக்குன்னு ஒரு குட்டி சக்கரம் வெச்ச பிடி இருக்கு. உளியை அதுல மாட்டி ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கல்லுமேல உருட்டுவார். இருபத்தஞ்சு டிகிரி. ஒரு டிகிரி கூடக்குறைய ஆகக் கூடாது, கணக்கு வாத்தியாராச்சே. அந்தப் பிடி வீட்டுல அலமாரியில இருக்கு. உள்ளங்கை அளவுக் கல்லு ஒண்ணைத்தான் காணோம்." சட்டென்று அவன் முகம் சுருங்கியது. "இந்தப் பெரிய உளியோட முனையில நான் ஒரு பல்லு விழ வெச்சேன். புதன்கிழமை. ஆபரேஷன் முடிஞ்சு வந்தா அவருக்குச் சுத்தமான ரூம் வேணும்னு பெயின்ட் அடிச்சேன். டப்பா மூடியை இதாலதான் நெம்பினேன். அதுக்கு அவர் திட்டக்கூட இல்லை. சும்மா வாங்கி வெச்சுக்கிட்டார்."

சந்திரிகா பெரிய உளியை வெளிச்சத்தில் பிடித்தார். பல் விழுந்த அடையாளமே இல்லை. முழுக்கத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

"அப்போ புதன்கிழமைக்கு அப்புறம் தீட்டினது இது," என்றார். பிறகு ஸ்கேலை எடுத்து உளியின் முனையோடு ஒட்டி வைத்தார். ஒரு மூலையில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. விளிம்பு லேசாகச் சாய்ந்திருந்தது. அடுத்த உளியிலும் அதே பக்கம், அதே சாய்வு. ஆறிலும் அப்படியே.

ஜெர்சன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பாத்தீங்களா! அப்பா தீட்டினா இப்படிச் சாயாது. இது வேற ஒருத்தன் கை. நான் சொன்னேன்ல, யாரோ அவரை வெச்சிருக்காங்க!"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பயத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும், அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தாம்பரம் மார்க்கெட்டில் சாணைக்கடை வைத்திருப்பவர் குப்புராஜ். தையல்காரரின் கத்தரியில் ஆரம்பித்து தச்சரின் இழைப்புளி அலகு வரை, கூர் மழுங்கிய எல்லாம் அவரிடம்தான் வந்தாக வேண்டும். எங்களைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னாம்மா ஈவ்லினு, இன்னா கொண்ணாந்துகீற?"

"ஆறு உளிண்ணா. தீட்ட வேணாம். யார் தீட்டினதுன்னு சொல்லணும்."

"நான் இன்னா ஜோசியக்காரனா?" என்றார். ஆனால் கை நீண்டுவிட்டது. உளியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் படுக்கவைத்து மெதுவாகத் தள்ளினார். அது வழுக்காமல் நகத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. "சோக்கா தீட்டிக்கீறான். மெஷின்ல புடிச்சது இல்ல, கைக்கல்லு. மெஷின்னா சரிவு குழிஞ்சிரும்."

தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டம் ஒன்றை எடுத்து ஆறு உளிகளிலும் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஆறுலயும் அதே மூலை தூக்கிகினு கீது. ஏன்னு கேளு. ரெண்டு கையால அமுக்குனா அலகு கல்லு மேல நேரா குந்தும். ஒத்தக் கையால புடிச்சா, கட்டவெரலு கீற பக்கம் ஜாஸ்தியா தேயும். தீட்னவன் ஒரு கைதான் போட்டுக்கீறான்."

"ஒற்றைக் கை கடத்தல்காரன். அடையாள அணிவகுப்புல ஈஸியா இருக்கும்," என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

"கை நடுங்கியிருக்கா?" என்று கேட்டார் சந்திரிகா.

"நடுங்கறதா? இந்தச் சரிவப் பாரு மேடம், மூஞ்சி தெரியுது. நடுங்கிகினே தேச்சா அலை அலையா வுழும்." பெரிய உளியை எடுத்துத் திருப்பினார். ஜெர்சன் பெயின்ட் டப்பா கதையைச் சொன்னான். குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "டப்பா தொறக்க வேற எதுவும் கெடைக்கலியா உனுக்கு? அந்தப் பல்ல கைக்கல்லுல, அதுவும் ஒத்தக் கையால தேச்சி எடுக்கணும்னா நாலு மணி நேரம் ஆவும். நாலு மணி நேரம் ஒரே எடத்துல எவன் குந்துவான்? வேல வெட்டி இல்லாதவன் குந்துவான். இல்லாங்காட்டி எந்திரிக்க முடியாதவன் குந்துவான்."

சந்திரிகா சட்டென்று நிமிர்ந்தார்.

குப்புராஜ் இப்போது அலகை விரலால் தடவி முகர்ந்தார். அவர் குரல் இறங்கியது.

"எண்ணெ பூசிக்கீறான் மேடம். பிடி வரைக்கும் வழிய வழிய பூசிக்கீறான். நாளைக்கு வேலைக்குப் போற உளிக்கு எவனும் இப்டி பூசமாட்டான், மரத்துல கறை புடிச்சிரும். இது பொட்டில வெச்சி மூட்றதுக்குப் பூசறது. இனிமே நாம எடுக்கப்போறது இல்லன்னு முடிவு கட்னவன் செய்யற வேல."

ஜெர்சன் சாணைக்கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கடைவாசலில் ஒரு அம்மா கத்தரிக்கோலுடன் நின்று, "என் கத்தரி ஆச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

*

ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் ஊர்ந்தது. ஜெர்சன் ஓட்ட, பக்கத்தில் சந்திரிகா. பின்சீட்டில் நான், மடியில் ஆறு உளிகள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஏசப்பாவைக் கூப்பிட்டேன்.

"எங்கே போகணும் மேடம்?"

"கேம்ப் ரோடு. உங்க அப்பா டயாலிசிஸ் பண்ற கிளினிக்."

"அங்கேதான் வரவே இல்லைங்கறாங்களே!"

"டயாலிசிஸ் நடக்கும்போது அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்?"

"சாய்ஞ்ச கட்டில்ல. இடது கையில ரெண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கவே கூடாது. நாலு மணி நேரம்..." அவன் பேச்சு நின்றது. முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தில் மோதப் போய், கடைசி நொடியில் பிரேக் போட்டான். நான் ஏசப்பாவை இந்தமுறை சத்தமாகவே கூப்பிட்டேன்.

"நாலு மணி நேரம்," என்றார் சந்திரிகா. "ஒரு கை மெஷினோட, ஒரு கை சும்மா. முன்னாடி சாப்பாட்டு ட்ரே. அதுமேல ஈரத்துணி போட்டுக் கல்லை வெச்சா நழுவாது. ஒத்தக் கையால எவ்வளவு வேணும்னாலும் தீட்டலாம். ஆறு நாள் டயாலிசிஸ் இல்லாம இருக்கிற மனுஷனால பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது ஜெர்சன். இந்த உளியைத் தீட்டின கை நடுங்கவே இல்லை. உங்க அப்பா வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் டயாலிசிஸ்லதான் இருந்திருக்கார்."

"அது அந்தக் கிளினிக்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஈவ்லின், அந்தத் தொப்பி ஒண்ணைக் குடு."

உளி முனையில் இருந்த குழாய்த் துண்டை உருவிக் கொடுத்தேன். காலையில் அதை இளநீர்க் கடை ஸ்ட்ரா என்று நான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

"என் மாமனாருக்கு ரெண்டு வருஷம் டயாலிசிஸ் நடந்துச்சு. மெஷின்ல ரத்தம் சுத்திவர்ற டியூப் இது. கடையில கிடைக்காது. தேதி முடிஞ்ச பாக்கெட்டைப் பிரிச்சு வெட்டிக் கொடுத்திருக்காங்க. முன்னப்பின்ன தெரியாத பேஷன்ட்டை கட்டில்ல உளி தீட்ட விட்டு, டியூப்பும் வெட்டிக் கொடுப்பாங்களா? ரொம்ப நாள் பழகினவங்கதான் செய்வாங்க."

ஜெர்சனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறார், பக்கத்திலேயே இருக்கிறார். அவனோ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிக்னல் பச்சைக்கு மாறிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அவர் ஒரே ஒரு தப்புதான் பண்ணார்," என்றார் சந்திரிகா. "மழுங்கின உளியை அப்படியே கேட்டுல மாட்டியிருந்தா நாம இன்னும் என் ஆபீஸ்லதான் உட்கார்ந்திருப்போம். ஆனா மரவேலை செய்யறவங்களுக்கு மழுங்கின கருவியை இன்னொருத்தர் கையில கொடுக்க மனசு வராது. என் பெரியப்பா அப்படித்தான். உங்க அப்பாவுக்கும் வரலை."

சந்திரிகா அவன் பக்கம் திரும்பினார்.

"அவர் ஏன் போனார் ஜெர்சன்?"

"தெரியாது மேடம்."

"தெரியும். டயாலிசிஸ் பண்ற கணக்கு வாத்தியாரை எவன் கடத்துவான்? கடத்தலா இருந்தா உங்களுக்கு நிம்மதி. காலையிலேருந்து அது கடத்தலா இருக்கணும்னுதான் நீங்க தவிக்கறீங்க."

அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே ஓட்டினான். மணி பன்னிரண்டு இருபது.

*

கிளினிக்கில் எட்டுக் கட்டில்கள். டெக்னீஷியன் பெயர் அசரியா. நாற்பது வயது, மெலிந்த ஆள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் ஜெர்சனைப் பார்த்ததும் அரை நொடி நின்றார்.

"தம்பி, அப்பா பத்தி ஏதாவது தெரிஞ்சுதா? நாங்க ஜெபத்துல வெச்சிருக்கோம்," என்றார்.

சந்திரிகா என் காலை மிதித்தார். எங்கள் தொழிலில் அதற்கு 'நீ ஆரம்பி' என்று அர்த்தம்.

"சார், பஞ்சு இருக்கா?" என்று பதறினேன். "அந்த உளியில மாட்டியிருந்த டியூப் கழண்டு, கார்ல உளி இவர் கையைக் கிழிச்சிடுச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

"கழண்டுடுச்சா? டைட்டாத்தானே மாட்டினேன்!" என்றார் அசரியா.

சொன்னபிறகுதான் ஜெர்சனின் இரண்டு கைகளையும் பார்த்தார். கீறல்கூட இல்லை. பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு இதுவரை கிடைத்த வாக்குமூலங்களில் இதுதான் மிகச் சின்னது.

"எங்கே அவர்?" ஜெர்சன் அவர் சட்டையைப் பிடித்தான். "நாலு நாளா பைத்தியக்காரன் மாதிரி அலையறேன். எத்தனை தடவை போன் பண்ணேன்! என்கிட்டயே பொய் சொன்னீங்களேண்ணா!"

அசரியா கையை எடுத்துவிட முயலவில்லை.

"வேற வழி தெரியல தம்பி. வியாழக்கிழமை வந்து, 'நான் இங்கே இருக்கறது என் மகனுக்குத் தெரிஞ்சா இந்த நிமிஷத்தோட டயாலிசிஸை நிறுத்திடுவேன். நீ சொல்லாம இருந்தா சனிக்கிழமையும் பண்ணிக்கறேன்'னார். எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டார். நான் என்ன பண்ணட்டும்? வாயை மூடிக்கிட்டா ரெண்டு தடவை டயாலிசிஸ் நடக்கும். அந்த ரெண்டு நாள்ல மனசு மாறிடுவார்னு நினைச்சேன். அவர்கிட்ட பேசிப் பேசித் தோத்துட்டேன்."

"நாளைக்குச் செவ்வாய்," என்றார் சந்திரிகா.

"வரமாட்டாராம். சனிக்கிழமை ஊசியை எடுக்கும்போது, 'இதோட போதும் அசரியா'ன்னார். நேத்து ராத்திரி முழுக்க உளிக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தார். காலையில உங்க கேட்டுல மாட்டினது நான்தான்." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாட்டும்போது உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடணும்னு கை பெல் வரைக்கும் போச்சு தம்பி. சொன்னா செத்துடுவார், சொல்லாட்டியும் செத்துடுவார்னு நின்னேன். அப்புறம் ஓடிவந்துட்டேன்."

ஜெர்சன் சட்டையை விட்டான். "இப்போ எங்கே?"

"என் வீட்டுல. சிட்லபாக்கம்."

*

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி போர்ஷன். எல்லோருமாக ஏறினோம். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அசரியா தட்டினார். பிறகு ஜெர்சன் தட்டினான்.

"அப்பா."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுப் பழகிய ஒரு குரல், "மணி என்ன?" என்றது.

"ஒண்ணரை."

"நாலரைக்குத் திறக்கறேன். அதுவரைக்கும் உட்காரு. சாப்பிட்டியா?"

"அப்பா, விளையாடாதீங்க. திறங்க!"

"விளையாடல. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். உன் ரூம்ல நீ முழங்கால் போட்டிருந்தே. உங்க அம்மா போனதுக்கப்புறம் நீ முழங்கால் போட்டு நான் பார்த்ததில்ல. சந்தோஷமா நின்னேன்டா. அப்புறம்தான் நீ கேட்டது காதுல விழுந்துச்சு. 'ஆண்டவரே, கடைசி டெஸ்ட்டுலயாவது ஒத்துவரலேன்னு வரட்டும், என்னால முடியல'ன்னு கேட்டே."

ஜெர்சன் கதவில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். காரில் அவன் சொல்லாமல் விழுங்கியது இதுதான். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று நான்கு நாளாகப் பயந்துகொண்டே, கேட்டிருக்காது, யாரோ கடத்தித்தான் இருப்பார்கள் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

"தப்பில்லடா," என்றது உள்ளேயிருந்த குரல். "உனக்குக் கல்யாணம்கூட ஆகல. கமிட்டியில மனப்பூர்வமாத் தரியான்னு கேப்பாங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நீ இல்லைன்னு சொல்லுவியா? ஆமான்னுதான் சொல்லுவே. அந்த ஆமாவை வாங்கிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது. நான் வரலேன்னா நீ பொய் சொல்ல வேண்டியதில்ல. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது, ஓடிப்போனது நான்தானே."

"சார், கமிட்டியில தனித்தனியாத்தான் கேப்பாங்க..." என்று ஆரம்பித்தார் சந்திரிகா.

ஜெர்சன் கையைக் காட்டி நிறுத்தினான். முகத்தைக் கதவோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினான்.

"அதே செவ்வாய்க்கிழமை சாயந்தரம் டாக்டரம்மா என்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டாங்கப்பா. 'உனக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடு. ரத்தம் ஒத்துவரலேன்னு அப்பாகிட்ட நாங்களே சொல்லிடறோம். அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது'ன்னாங்க. நிஜமாவே அப்படிச் சொல்லுவாங்களாம், நிறையப் பேருக்குச் சொல்லியிருக்காங்களாம். தலையை ஆட்டினாப் போதும், நான் தப்பிச்சிருப்பேன். நீங்க என்மேல பாவப்பட்டுக்கூட இருப்பீங்க."

உள்ளே காலடி கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"வேணாம் டாக்டர், நான் தரேன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தா கை காலெல்லாம் உதறுது. அதான் முழங்கால் போட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆபரேஷன் டேபிள்ல படுக்கற வரைக்கும் பயமாத்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்குன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன்பா. தரமாட்டேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலியே!"

கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனார். அசரியா கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

தாழ்ப்பாள் விலகியது.

லுங்கியும் பனியனுமாக நின்றார் ஏசுதாசன். மகனைவிட ஒரு சாண் உயரம் குறைவு. இடது கையில் சனிக்கிழமை ஒட்டிய பிளாஸ்திரி. தரையில் உட்கார்ந்திருந்த மகனை, தப்பாகப் போட்ட கணக்கை ஆரம்பத்திலிருந்து சரிபார்க்கிற மாதிரி நெடுநேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா நிஜமா அப்படிக் கேட்டாங்களா?"

"போன் போட்டுத் தரேன். நீங்களே கேளுங்க." ஜெர்சன் செல்போனை நீட்டினான். கை நடுங்கியது.

அவர் போனை வாங்கவில்லை. நடுங்கிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே அசரியாவின் பக்கம் திரும்பினார்.

"பனியனோட கமிட்டிக்குப் போக முடியாது. உன் சட்டை ஒண்ணு கொடுப்பா."